முழுநேர உழைப்பு, அரைகுறை உரிமை!

தாம்பரத்தினின்று தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் ‘மறைமலை நகர்’ என்னும் பெயர்ப்பலகை நிற்கின்றது. 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்திற்குக் கால்கோளிட்ட அடிகளாரின் பெயரைத் தாங்கிய நகர் அது. அவர் நெடுங்காலம் வாழ்ந்த பல்லாவரமும், 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்தினின்று பிரித்து அமைக்கப்பெற்ற செங்கற்பட்டு மாவட்டத்துள்ளேயே இற்றை நாள் அடங்கியுள்ளது. 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த அடிகளார், 1911இல் அப்பணியினின்று நீங்கினார். நிலையான பணியொன்று அவருக்கு இருந்தது. அதனைத் தம் உளப்படி விட்டு நீங்கும் உரிமையும் இருந்தது. அவர் பெயர் கொண்ட நகரில் இன்று உழைக்கும் இளைஞர் பலர்க்கோ, விட்டு நீங்குதற்கும் தமக்கென ஒரு பணி இல்லை. வேலை இருக்கின்றது, பணி இல்லை!

இஃதென்ன புதிர் என்று அன்பர்கள் வினவலாம். விடியற்காலையில் அந்நகரின் பேருந்து நிறுத்தத்தில் நிறுவன உடையணிந்து நிற்கும் இளைஞரை அணுகி, “தம்பி, என்ன வேலை பார்க்கின்றாய்?” என்று கேட்டுப் பாருங்கள். கடைசல் வேலை, பற்றவைப்பு வேலை, பொருத்து வேலை என்று விடை வருதல் அரிது. ‘காண்ட்ராக்ட்’ என்பான் ஒருவன். ‘டிரெயினி’ என்பான் மற்றொருவன். ‘அப்ரண்டிசு’ என்றும் ‘கேசுவல்’ என்றும் சொல்வார் வேறு சிலர். தான் செய்யும் தொழில் இன்னது என்பதை அவன் சொல்லவில்லை. தன்னை எவ்வளவு எளிதில் வெளியே தள்ளலாம் என்பதையே சொல்கின்றான்! அதனையும் அவன் தாய் அறியாத மொழியிற் சொல்கின்றான். மகன் பெருநிறுவனத்தில் ‘டிரெயினி’யாக இருக்கின்றான் என்று அத்தாயும் ஊரெல்லாம் பெருமை பேசுகின்றாள். ‘ஆண்டு மூன்றாகியும் பயிலுநன் என்றே பெயர் வைத்து, பயின்று முடித்தவனின் வேலையை வாங்கிக்கொள்கின்றார்கள்’ என்று தமிழிற் சொல்லியிருந்தால், அவள் பெருமை பேசியிருப்பாளா? ‘ஏன்?’ என்று கேட்டிருப்பாள்.

முழுநேர வேலை, பகுதிநேர வேலை என்னும் இரண்டைப் பற்றியும் உலகெங்கும் பேச்சு நிகழ்கின்றது. எந்நாட்டில் எத்தொழிலில் எது வளர்கின்றது, எது தேய்கின்றது என்று பொருளியலார் கணக்கிடுகின்றனர். அக்கணக்கை அப்படியே நம் மண்ணுக்குக் கொண்டுவந்து பொருத்துவாரும் உளர். ஆயின், அங்குப் பகுதிநேரம் எனப்படுவதும் இங்கு நாம் காண்பதும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாத வரை, நம் உழைப்பாளரின் நோய் இன்னது என்றே நமக்கு விளங்காது.

1994ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பகுதிநேர வேலை பற்றி 175ஆம் எண் உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. அதே வகை வேலையில் முழுநேரம் உழைப்பவரினும் குறைந்த நேரம் உழைப்பவரே பகுதிநேரத் தொழிலாளர் என்று அது வரையறுத்தது. நேரம் குறைந்தமையாலேயே மணிக்கணக்கிலான அடிப்படைக் கூலி குறைதல் கூடாது. கழகம் அமைக்கும் உரிமையும் வேலையிடக் காப்பும் குறைதல் கூடாது என்று அவ்வுடன்படிக்கை கூறுகின்றது. இந்தியா அதில் ஒப்பமிடவில்லை. 1997இல் ஐரோப்பிய ஒன்றியமும், பகுதிநேரத்தார் என்பதனாலேயே ஒருவரைத் தாழ்வாக நடத்தலாகாது என்று நெறி வகுத்தது. நெதர்லாந்து நாட்டில் உழைப்பாருள் மூவரில் ஒருவர்க்கு மேல் பகுதிநேர வேலையே செய்கின்றனர். எனினும் அவர்கள் ஏதிலிகள் அல்லர். நாலு மணி நேரம் உழைத்தால் நாலு மணி நேரத்திற்குரிய கூலி, விடுப்பு, ஓய்வூதியம் யாவும் அவ்வளவிற்குக் கணக்காகக் கிடைக்கும். நேரம் அரை, உரிமை முழுமை.

நம் செங்கற்பட்டில் நடப்பது இதற்குத் தலைகீழ்! நேரமோ முழுமை, சில இடங்களில் முழுமைக்கும் மேலே. உரிமைதான் அரை, கால், அரைக்கால். எட்டு மணி நேரமும் மிகைநேரமும் உழைத்து வீடு திரும்புபவன் பகுதிநேரத் தொழிலாளியல்லன். ஆனால் பகுதியுரிமைத் தொழிலாளி. இப்பெயரை நாம் வேண்டுமென்றே வைக்கின்றோம். பெயர் சரியாக அமைந்தாலொழிய நோய் கண்ணுக்குத் தெரியாது.

அரசின் புள்ளிக்கணக்கில் இது தெரியாதோ எனின், தெரியாத வகையிலேயே கணக்கு அமைந்திருக்கின்றது. நடுவண் அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பில், நடப்புக் கிழமை நிலை என்பதொரு முறை. கணக்கெடுக்கும் நாளுக்கு முந்திய ஏழு நாளில், ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் உள்ளவரே! மற்றொரு முறையில், ஆண்டில் முப்பது நாள் துணைத்தொழில் செய்திருந்தாலும் அவர் உழைப்பாளர் வரிசையில் வந்துவிடுவார். பத்தாண்டுக் குடிமதிப்புக் கணக்கோ ஆறு மாதத்திற்கு மேல் உழைத்தவரை முதன்மைத் தொழிலாளர் என்றும், அதற்குக் குறைந்தவரை விளிம்புத் தொழிலாளர் என்றும் பகுக்கின்றது. இவையெல்லாம் எத்தனை நாள், எத்தனை மணி என்று கேட்கின்றன. வேலையில்லாதாரை எண்ணுதற்கு இவை பயன்படலாம். ‘நாளையும் உனக்கு இவ்வேலை உண்டா?’ என்னும் கேள்வி மட்டும் தலைப்புச் செய்திக்கு வருவதேயில்லை.

வருகின்ற எண்களையாவது பார்ப்போம். 2023–24ஆம் ஆண்டிற்கான அக்கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உழைப்பாருள் நூற்றுக்கு 58 பேர் தற்றொழில் செய்வோர். ஏறத்தாழ 20 பேர் அன்றாடக் கூலிகள். மாதச் சம்பளம் பெறுவோர் 22 பேருக்கும் குறைவு. அந்த 58இல், தம் வீட்டுத் தொழிலில் கூலியே இன்றி உழைக்கும் மனைவியரும் மக்களும் அடக்கம். மாதச் சம்பளம் பெறும் அச்சிறு பகுதியுள்ளும் எழுத்தில் ஒப்பந்தம் பெறாதார் உளர். ஓய்வூதியமோ காப்பீடோ இல்லாதாரும் உளர். பதிவுபெற்ற தொழிற்சாலைகளைப் பற்றிய ஆண்டாய்வை நோக்கின், 2022–23இல் அங்குள்ள தொழிலாளருள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் ஒப்பந்தக்காரர் வழியே அமர்த்தப்பெற்றவர்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொகை நூற்றுக்கு 20 என்னும் அளவிலேயே இருந்தது. ஒரு தலைமுறைக்குள் இரட்டித்துவிட்டது! தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலும் அவற்றில் உழைப்போர் தொகையிலும் இந்திய மாநிலங்களுள் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இப்பெருமையைப் பாடுவோர், அதனுள் நிலைப்பணி எத்தனை என்பதையும் சேர்த்துப் பாடுதல் வேண்டும்.

இனி நம் மாவட்டத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்போம். மேற்கே பெருஞ்சாலை, நடுவே கணினிச் சாலை, கிழக்கே கடற்கரை. ஒவ்வொன்றிலும் தொழில் வேறு. ஆனால் நோய் ஒன்றே.

பெருஞ்சாலைப் பட்டையில், தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் 1984இல் தொடங்கியது. அதற்குத் தெற்கே மறைமலை நகர். அதற்கும் தெற்கே பரனூரையொட்டி 2002இல் திறந்த மகிந்திரா நகர். இப்பட்டையின் வரலாற்றைச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டே போதும். அமெரிக்கப் போர்டு நிறுவனம் மறைமலை நகரில் ஆலை அமைத்து, 1999இல் மகிழுந்து ஆக்கத்தைத் தொடங்கியது. 2021 செபுடம்பர் 9 அன்று இந்தியாவில் உந்து ஆக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 சூலையில் அவ்வாலையின் கடைசி வண்டி வெளிவந்தது. குசராத்தின் சானந்து ஆலையும் இதுவும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 ஊழியர் வேலையிழப்பர் என்று அந்நிறுவனமே அறிவித்தது. நிலைப்பணியாளர்க்குக் கழகம் இருந்தது. அவர்கள் போராடிப் பேசி, விலகுதொகை பெற்றுப் பிரிந்தனர். ஆனால் அவ்வாலைக்கு உறுப்புகள் செய்துகொடுத்த சிறு பட்டறைகளில் உழைத்தவர்கள் அந்த 4,000 என்னும் எண்ணுள் வாரார். அவர்களுக்கு விலகுதொகை பற்றிப் பேசுவாரும் இல்லை. ‘நாளை வரவேண்டா’ என்னும் இரண்டு சொல்லோடு அவர்கள் கணக்கு முடிந்தது.

அதே நிறுவனம் 2025 அக்குதோபரில் மீண்டும் வருவதாகத் தமிழக அரசோடு உடன்பாடு செய்துகொண்டது. 3,250 கோடி உருபா முதலீடு. 2029இல் உந்துபொறி ஆக்கம். 600க்கு மேற்பட்ட வேலை என்பது அறிவிப்பு. வரட்டும், வரவேற்போம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலைக்கு ஐந்து கோடிக்கு மேல் முதலீடு! முதலீடு பெருகப் பெருக வேலையும் அவ்வளவு பெருகும் என்று எண்ணுவது பழங்கணக்கு. பொறிகள் மிகுந்த இத்தொழிலில் வேலைகள் சிலவாகவே வரும். அந்தச் சிலவும் நிலைப்பணியாய் வருமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. முதலீட்டு மாநாடுகளில் கோடிகள் படிக்கப்படுகின்றன. வேலைகளின் தலையெண்ணும் படிக்கப்படுகின்றது. அவ்வெண்ணில் நிலைப்பணி இத்தனை, ஒப்பந்த வேலை இத்தனை என்று பிரித்துப் படிக்கக் கேட்டதுண்டா?

நடுப்பட்டையாகிய கணினிச் சாலையில், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வரை கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. அங்குள்ள கணினிப் பொறியாளர்க்கு மாதச் சம்பளமும் காப்பீடும் உண்டு. எனினும் கைவசம் பணியில்லாதபோது ‘பெஞ்சு’ என்னும் காத்திருப்பில் உட்கார வைக்கப்பெறும் அச்சம் அவர்களுக்கும் தெரியும். அதே மாளிகையின் வாயிலில் நிற்கும் காவலர், தரையைத் துடைக்கும் பெண்டிர், சமையலறையில் ஏனம் கழுவுவோர், இரவில் வண்டி ஓட்டுவோர் ஆகியோரைப் பாருங்கள். இவர்களுள் பெரும்பாலார் அம்மாளிகையின் பணியாளர் அல்லர். ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஒரே கூரையின்கீழ் ஒரே நேரம் உழைக்கும் இருவரில், ஒருவர் நிறுவனத்தின் உறுப்பு. மற்றொருவர் நிறுவனத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரி. வெளியே சாலையில் உணவுப் பொதியைச் சுமந்து இருசக்கர வண்டியில் விரையும் இளைஞனுக்கோ அந்த வரியும் இல்லை. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் அவன் தொழிலாளியே அல்லன். ‘பங்காளி’ என்று அவனுக்குப் பெயர் சூட்டியிருக்கின்றார்கள். வருவாயில் பங்கில்லாத பங்காளி!

இம்மாளிகைகளை எழுப்பிய கட்டடத் தொழிலாளரில் ஒடியா, பீகார், வங்காளம் ஆகிய நாடுகளினின்று வந்தோர் பலர். அவர்கள்மீது சினங்கொள்வோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களைக் குறைந்த கூலிக்கு அழைத்துவந்து, தகரக் கொட்டகையில் அடைத்து, வேலை முடிந்ததும் தொடர்வண்டி ஏற்றிவிடும் ஒப்பந்தக்காரரே நம் இளைஞனின் உரிமையையும் அரைகுறை ஆக்கினார். உரிமையற்ற ஒருவன் அருகில் நிற்கும் வரை உரிமையுள்ளவன் உரிமையும் நிலைக்காது.

கிழக்கே கடற்கரைப் பட்டையில் நிற்போம். கோவளம், நெம்மேலி, சூளேரிக்காடு, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று மீனவ ஊர்கள் நிரல்பட நிற்கின்றன. இங்கு வேலை கடலும் காற்றும் வகுத்த வேலை. கிழக்குக் கரையில் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடல் அடைப்பு. வடகிழக்குப் பருவத்துப் புயல் நாள்களில் சிறு படகுகளும் கரையேறிக் கிடக்கும். கடலுக்குச் சென்ற நாளில் மீன்பாட்டில் பங்கு. செல்லாத நாளில் கடன். இம்மீனவரைக் கணக்கெடுப்போர் ‘தற்றொழில் செய்வோர்’ என்று எழுதிக்கொண்டு போகின்றனர். அவர் மகன் கடலை விட்டுக் கடற்கரைச் சாலையின் விருந்துவிடுதிக்கு வேலைக்குப் போகின்றான். அங்கும் அலைதான்! மார்கழி, தை மாதங்களில் சுற்றுலாவினர் வரும்போது ஓய்வின்றி வேலை. சித்திரை, வைகாசியில் ‘கூப்பிடும்போது வா’. கடலிலேனும் மீன்பாட்டில் பங்கு இருந்தது. விடுதியில் அதுவும் இல்லை.

மாமல்லபுரத்துக் கல்தச்சர் நிலையையும் நோக்குக. 1957இல் இங்குச் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கி, பின்னர்க் கல்லூரியாய் வளர்ந்தது. 1984இல் இவ்வூர்க் கோயில்கள் உலக மரபுச் சின்னங்களாயின. மாமல்லபுரக் கற்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பெயர்க்கும் கல்லுக்கும் காப்பு வந்தது. செதுக்கும் கைக்கு வந்ததா? உளியோசை கேட்கும் பட்டறைகளில் பெரும்பான்மை நாட்கூலியும் துண்டுக்கூலியுமே. சிலை விற்றால் அடுத்த கல். விற்காவிட்டால் அடுத்த கடன். கல்தூசு ஆண்டு முழுதும் நெஞ்சில் இறங்குகின்றது. மருத்துவக் காப்போ வேலையுள்ள நாளளவுக்கும் இல்லை. அருகே கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் இயங்குகின்றது. அங்குள்ள நிலைப்பணி நடுவண் அரசின் முழுவுரிமைப் பணி. வாயிலுக்கு வெளியேயுள்ள ஊரார் எதிர்பார்த்து நிற்பதோ ஒப்பந்தக்காரர் வழியே வரும் வேலையை.

தனியார்தாம் இப்படி; அரசு அறம் வழுவாது என்று எண்ணுவோர் உளரேல், அவர் அரசுப் பள்ளிக்குள் நுழைந்து பார்க்கட்டும். 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியரை அமர்த்தியது. ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி, கணினி ஆகியவற்றைக் கிழமைக்கு மூன்று அரைநாள் கற்பித்தல் வேண்டும். மாதம் 5,000 உருபா. பல முறை போராடிய பின், 2024இல் அத்தொகை 12,500 ஆனது. அவ்விடைவெளியில் 12 ஆண்டுகள் கழிந்தன. முப்பது அகவையில் சேர்ந்தவர் நாற்பத்திரண்டை எட்டினார். அரைநாள் ஆசிரியர் என்பதனால் அவருக்குப் பசியும் அரைநாள்தானா? குழந்தைகள் மையப் பணியாளர்க்கு அரசு தருவதன் பெயர் ‘மதிப்பூதியம்’. மதிப்பு இருக்கின்றது; ஊதியந்தான் இல்லை! அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்வதற்கு 2022 ஏப்பிரலில் இந்திய உச்ச நயன்மன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாமையால் இவ்வளவும் நிகழ்கின்றனவோ எனின், இல்லை. நம் தமிழ்நாட்டிலேயே 1981இல் தொழிலாளர்க்கு நிலைப்பணி வழங்கும் சட்டமொன்று இயற்றப்பெற்றது. 24 மாதத்துள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிலைப்பணியாளராக ஆக்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. இந்த 480 என்னும் எண்ணை நம் உழைப்பாளர் எத்தனை பேர் அறிவர்? அறிந்தவர்கள் முதலாளிகளே. ஆதலால்தான் 480 நிறைவதற்கு முன் இடைமுறிவு செய்கின்றனர். ஒப்பந்தக்காரர் பெயர் மாறுகின்றது, ஆள் மாறுவதில்லை, எண்ணிக்கை மட்டும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டத்தின்படி பயிலுநர் தொழிலாளர் அல்லர் என்பதால், தொழிலாளரையே பயிலுநர் என்று எழுதிக்கொள்கின்றனர். கட்டட வேலையினரையோ 1981ஆம் ஆண்டுச் சட்டமே வெளியே நிறுத்திவிட்டது.

இவ்வகைப் பெயர்விளையாட்டை உச்ச நயன்மன்றம் கண்டித்ததும் உண்டு. 2016 அக்குதோபரில் பஞ்சாபு வழக்கொன்றில், ஒரே வேலை செய்யும் நிலையற்ற ஊழியர்க்கும் ஒத்த ஊதியம் உண்டு என்று தீர்த்தது. 2024 திசம்பர் 20 அன்று சக்கோ என்பாரின் வழக்கில், நடுவண் நீர் ஆணைய அலுவலகத்தில் பத்தாண்டுக்கு மேல் துப்புரவும் தோட்டவேலையும் செய்தோரைப் ‘பகுதிநேரம்’ என்று முத்திரை குத்தி வெளியேற்றியது தவறு என்று கூறி, அவர்களை மீண்டும் அமர்த்தி நிலைப்படுத்த ஆணையிட்டது. பகுதிநேரம் என்னும் ஒட்டுச்சீட்டு, வேலையின் இயல்பை மாற்றிவிடாது என்பதே இத்தீர்ப்பின் கருத்து.

இந்நிலையில் 2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்துள்ளன. குறித்த கால வேலை என்னும் ஒன்றைத் தொழில்கள் அனைத்திற்கும் அவை ஒப்புக்கொள்கின்றன. அவ்வேலையினர்க்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. பணியமர்த்தும் ஓலை கட்டாயம் கொடுத்தல் வேண்டும். இவை நன்மையே, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் காப்பு, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் 20 பேர் உள்ள இடத்திற்கே உரியதாயிருந்தது. இனி 50 பேர் இருந்தால்தான். குறித்த காலத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு எல்லையும் இல்லை. மூன்று மாதம், மூன்று மாதமாக ஒருவனின் இளமை முழுவதையும் துண்டு போட்டுக்கொள்ளலாம்! ஒரு கையால் பணிக்கொடையைக் கொடுத்து, மறு கையால் பணியையே எடுத்துக்கொள்வது கொடையாகுமா?

தொழில் நடத்துவோர் தரப்பில் ஒரு மறுப்பு உண்டு. அதனையும் நேர்மையோடு கேட்போம். ‘வாங்குவோர் தேவை மாதத்திற்கு மாதம் மாறுகின்றது. எல்லாரையும் நிலைப்பணியில் வைத்தால் தேய்காலத்தில் தாங்கமுடியாது. ஆலை வேறு மாநிலத்திற்குப் போய்விடும்’ என்கின்றனர். தேவை மாறுவது உண்மை. ஆனால் தேய்வின் சுமையை யார் தாங்குவது என்பதே கேள்வி. வளர்காலத்து ஈட்டம் முதலாளிக்கு, தேய்காலத்துப் பட்டினி தொழிலாளிக்கு என்றால், இது பங்கீடா, பறிப்பா? ஆலை போய்விடும் என்னும் அச்சமோ பழைய பூச்சாண்டி. போவதென்று முடிவு செய்தவன் தொழிலாளியின் விட்டுக்கொடுப்பைப் பார்த்து நின்றதில்லை.

வேலை பருவத்திற்குரியதாயினும் உரிமை நிலையானதாய் இருக்கலாம் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. கரும்பாலைகளில் அரைவை ஆண்டில் சில மாதமே நடக்கும். ஆயினும் பருவத் தொழிலாளர் அடுத்த அரைவைக்கு மீண்டும் அழைக்கப்பெறும் உரிமை உடையர். வேலையில்லாத மாதங்களுக்குக் காத்திருப்புப் படி பெறும் வழக்கமும் அத்தொழிலில் ஊன்றியது. மதுராந்தகத்தை அடுத்த படாளத்திலும் கூட்டுறவுக் கரும்பாலை உண்டு. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில் 1978இல் இருளர் மக்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுக் கழகம் பதிவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். ஆண்டில் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்குக் காட்டுத்துறையின் வரையறை உண்டு. ஆகவே அவ்வேலை என்றும் முழுநேர வேலையன்று. ஆனால் அங்கு நடுவே ஒப்பந்தக்காரர் இல்லை. தொழில் செய்வோரே கழகத்தின் உறுப்பினர். 2023இல் இம்மாவட்டத்து இருளர் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் நாட்டின் பத்மசிறீ விருது பெற்றனர். நேரம் குறைவு, மதிப்புக் குறைவன்று!

அதனாலேயே பகுதிநேர வேலையை ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கைக்குழந்தையுடைய தாயும், நோயுற்ற பெற்றோரைப் பேணும் மகளும், மாலையில் உழைத்துப் பகலிற் படிக்கும் மாணவனும் நாலு மணி நேர வேலையை விரும்பக்கூடும். அவர்களுக்கு அது கிடைக்கட்டும். அந்நாலு மணிக்கும் முழு உரிமையோடு கிடைக்கட்டும். விரும்பி எடுத்த அரைநேரம் வேறு. விருப்பின்றிச் சுமத்தப்பெற்ற அரையுரிமை வேறு.

இனி நாம் செய்ய வேண்டுவன என்ன? அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு தொழிற்சாலையும் நிலைப்பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தார் எத்தனை பேர், பயிலுநர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வாயிலில் எழுதி வைக்கட்டும்; முதலீட்டு உடன்பாடுகளிலும் இத்தொகை எழுதப்படட்டும். இரண்டு, 480 நாள் கணக்கு ஆளைப் பற்றியதாகட்டும். ஒப்பந்தக்காரர் மாறினும் கணக்கு முறியாதிருக்கட்டும். மூன்று, தன் பள்ளியிலும் மருத்துவமனையிலும் நகராட்சியிலும் அரசே முதலில் வழிகாட்டட்டும்.

நம் இளைஞர் தாமே செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, ஒவ்வொருவரும் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொண்டு, வேலைக்குச் சென்ற நாளையும் அன்று மேற்பார்த்தவர் பெயரையும் கூலிச்சீட்டையும் சேர்த்து வருக. வழக்குமன்றத்தில் கண்ணீர் சான்றாகாது; கணக்கே சான்று. இரண்டாவது, பணியமர்த்தும் ஓலையைத் தமிழிற் கேட்டு வாங்குக. இது மொழிப்பற்றினால் மட்டும் சொல்வதன்று. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டமே, ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்தோடு தொழிலாளருள் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் எழுதி வாயிலருகே வைக்கச் சொல்லிற்று. எழுதிய மொழி விளங்காதவன் கையெழுத்தை இட்டாலும் ஒப்புதல் கொடுத்தவனாகான் என்பது அன்றே அறிந்த உண்மை. தமிழில் எழுதினால் ‘இவ்வேலை உனக்கு நிலையன்று, எந்நேரமும் நீக்கப்படலாம்’ என்று எழுத நேரும். எழுதுபவன் கையும் சற்றுக் கூசும். படிப்பவன் கண்ணும் சற்றுத் திறக்கும்.

மறைமலை நகர்ப் பெயர்ப்பலகை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றது. அதில் எழுதியுள்ள பெயரைத் தமிழாக்கிக்கொண்டதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அப்பலகையின்கீழ்க் கடந்து செல்லும் இளைஞன், ‘நான் பொருத்துநன், இது என் பணி, நாளையும் என் பணி’ என்று தன் மொழியிலேயே சொல்லும் நாள் வருதல் வேண்டும். இன்று அவன் கையிலுள்ளது முழுநேர உழைப்பு. அதற்கு ஈடான முழுவுரிமையை அவன் கேட்கட்டும். கேட்பவனோடு நாமும் நிற்போம்.